திருப்பித் தரப்படும்

1

மனிதகுலம் எழுத்தைக் கண்டுபிடித்ததே பொய்யை வெல்வதற்காகத்தான்.

இந்த வாக்கியத்தை ஒரு குடியிருப்போர் நலச்சங்கத்தின் ஆண்டு மலருக்காக எழுதினேன். சங்கச் செயலாளர் படித்துவிட்டு, “பிரமாதம் சார். ‘வெல்வதற்காக’ன்னு இருக்கறதை ‘ஒழிப்பதற்காக’ன்னு மாத்திட்டா இன்னும் கம்பீரமா இருக்கும்” என்றார். எழுத்து வந்த மறுநாளே கள்ளப் பத்திரமும் வந்திருக்கும் என்பது என் கணிப்பு. அதை அவரிடம் சொல்லவில்லை. கம்பீரம் கெட்டுவிடும்.

அவர் கேட்டது ஒரு விழிப்புணர்வுக் கதை. இணையத்தில் ‘வீட்டிலிருந்தே வேலை’ என்று வரும் மோசடிகளை மக்கள் கண்டுகொள்ள வேண்டும். கதை இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது. நடுவில் கட்டம் கட்டி எச்சரிக்கைப் பட்டியல் வர வேண்டும். “கதாநாயகி ஒரு அப்பாவிப் பொண்ணா இருக்கட்டும். பேராசைப்படறா, ஏமாந்துடறா, கடைசியில புத்தி வருது. அந்தப் பக்கத்துல தலைவர் போட்டோ ஒண்ணு.” பட்டியல் தயாராகவே இருந்தது. ஏற்கெனவே நுழைவாயிலில் ஒட்டியிருந்தார்கள். தலைப்பு: ‘மோசடிகளை அடயாளம் காண்பீர்.’ முதல் குறிப்பு: ‘எழுத்துப்பிழைகள் இருந்தால் உஷார்!’

அடையாளத்தில் ஓர் ஐகாரம் குறைகிறது என்பதை யாரும் கவனிக்கவில்லை. அந்த அளவுகோலின்படி சங்கமே ஒரு மோசடி.

நான் எழுதும் எதையும் அச்சுக்குப் போகும் முன் படிப்பவர் ஒருவர் இருக்கிறார். பட்டியலை அவரிடம் கொடுத்தேன். முதல் குறிப்பிலேயே அவர் விரல் நின்றுவிட்டது.

“இது தப்பு” என்றார்.

“பிழையா?”

“பிழை இல்லை. தப்பு.”

பிறகு சொன்னார். கேட்டு முடித்ததும் சங்கத்துக்கு எழுதியிருந்த இரண்டு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். இது வேறு கதை. அவரும் ஒரு நிபந்தனை போட்டார்: மெய்ப்பு அவர்தான் பார்ப்பார், ஓரத்தில் அவர் எழுதுவதை நான் அழிக்கக் கூடாது.

2

முதல் தொடக்கம்:

அவள் ஓர் அப்பாவி. உலகம் அறியாத அந்த—

(ஓரக்குறிப்பு: யார் அப்பாவி? நீக்குக. — ஒ.)

இரண்டாம் தொடக்கம்:

பேராசை யாரைத்தான் விட்டது? வாழ்நாளெல்லாம் பிறர் பிழைகளைத் திருத்திய ஒரு பெண்மணி, தன் ஆசைக்கு மட்டும்—

(ஓரக்குறிப்பு: வேலை கேட்டேன். வேலைக்குக் கூலி கேட்டேன். இதற்கு அகராதியில் வேறு சொல் இருக்கிறது. தேடிப் பார்க்கவும். — ஒ.)

சரி. மூன்றாம் தொடக்கம்.

அச்சகத்தில் அவருக்கு ஒற்றம்மா என்று பெயர். வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். க், ச், த், ப் ஆகிய நான்கு எழுத்துகளுக்காக அந்த அம்மாள் எத்தனை பேருடைய சாப்பாட்டு நேரத்தைக் கெடுத்தார் என்று கேட்டால், அங்கே வேலை பார்த்த எல்லோருமே கையைத் தூக்குவார்கள். ஓர் ஒற்று விட்டுப்போனால் அச்சடித்த தாளைத் திரும்ப அடிக்கச் சொல்வார். முதலாளி, “அர்த்தம் புரியுதில்லம்மா, விடுங்க” என்றால், “அர்த்தம் புரியறதுக்கு வாய் போதும், அச்சு எதுக்கு?” என்பார். பிழையில்லாமல் எழுதுகிறவன் பொய் சொல்ல மாட்டான் என்பது அவருடைய சொந்தச் சித்தாந்தம். ஒரு சொல்லை இவ்வளவு பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிறவன் சொன்ன சொல்லையும் பார்த்துக்கொள்வான் என்பது அவர் கணக்கு. கேட்க அழகாகத்தான் இருக்கும்.

பேத்தி பிறந்தபோது மருத்துவமனையிலிருந்து மகன் பதறிய கையோடு ‘பென் குழந்தை, இருவரும் நலம்’ என்று செய்தி அனுப்பினான். பாட்டியான பெருமிதத்தில் ஒற்றம்மா அனுப்பிய முதல் பதில், ‘பெண்.’

(ஓரக்குறிப்பு: அடுத்த செய்தியில் வாழ்த்தினேன். அதையும் சேர்க்கவும். — ஒ.)

வாழ்த்தினார்.

வயதாகிவிட்டது என்று அச்சகத்தில் மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள். மகனுக்கு வேலை வேறு ஊரில். மாதம் ஒருமுறை வந்துபோவான். வீட்டில் மருமகள், பேத்தி, ஒற்றம்மா. வேலைக்குப் போனவர்களுக்குத்தான் தெரியும், வேலை இல்லாத காலை எவ்வளவு நீளம் என்று. பருப்பு டப்பாவின் பின்பக்கம் வரை படித்துத் திருத்திவிட்டார். பிறகு மருமகள்தான் மிச்சம்.

கடைக்கு எழுதும் சீட்டு, தையல்காரருக்கு அனுப்பும் செய்தி, பள்ளிக்கு எழுதும் விடுப்புக் கடிதம் எதுவும் தப்பவில்லை. எல்லாவற்றிலும் சிவப்பு மை. மருமகள் வாயைத் திறக்கவில்லை. அந்த வீட்டில் அவளுக்கு இருந்த சுதந்திரம் வாயைத் திறக்காமல் இருப்பது ஒன்றுதான்.

3

செய்தி வந்தது:

‘வீட்டில் இருந்தே வேளை! குறைந்த நேரத்தில் நிரைந்த வருமாணம்! பதிவு கட்டணம் முலுவதும் திருப்பி தரப்படும்! உடணே அழைக்கவும்!’

சங்கத்தின் பட்டியலைப் படித்த எந்தக் குடிமகனும் இதைப் பார்த்ததும் உஷாராகி, அழித்துவிட்டு, மார்தட்டிக்கொண்டு தூங்கப் போவான். ஒற்றம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடினார்.

இங்கேதான் நீங்கள் அவரோடு சற்று உட்கார வேண்டும். எழுத்துப்பிழை உங்களுக்கு எச்சரிக்கை. அவருக்கு அது காலியிடம். பல் வலிக்கிறது என்று ஒருவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தால் பல் வைத்தியர் அவனைத் திருடன் என்று நினைப்பாரா? இத்தனை பிழையோடு ஒரு நிறுவனம் தெருவில் நடக்கிறதென்றால் அதற்கு ஆள் இல்லை என்று அர்த்தம். ஆள் இல்லையென்றால் வேலை இருக்கிறது என்று அர்த்தம். அந்தச் செய்தியில் ‘வேலை’ என்ற சொல் ஒரே ஒரு முறைதான் வருகிறது, அதுவும் தவறாக. அந்தத் தவறுதான் வேலை.

செய்தியை ஒரு தாளில் எழுதினார். சிவப்பு மையால் திருத்தினார். படம் பிடித்து, அதே எண்ணுக்கு அனுப்பினார். கீழே ஒரு வரி: ‘தங்கள் நிறுவனத்துக்கு மெய்ப்புத் திருத்துநர் தேவைப்படுவதாகத் தெரிகிறது.’

தன்னை மேலாளர் என்று சொல்லிக்கொண்ட ஒருவன் அன்றே கூப்பிட்டான். குரல் பணிவில் ஊறியிருந்தது.

“மேடம், சூப்பர் மேடம். உங்களை மாதிரி ஆளைத்தான் மேடம் தேடிட்டு இருந்தோம்.”

அவன் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

“பதிவுக் கட்டணம்னு போட்டிருக்கே?”

“அய்யோ, உங்களுக்கு எதுக்கு மேடம்? அதெல்லாம் மத்தவங்களுக்கு.”

மற்றவர்கள் யார் என்று ஒற்றம்மா கேட்கவில்லை.

(ஓரக்குறிப்பு: இந்த வரியை அடித்தேன். பிறகு அடித்ததை அடித்தேன். இருக்கட்டும். — ஒ.)

4

சாப்பாட்டு மேசையின் ஒரு மூலை அலுவலகமானது. பேத்தியின் வண்ணக் கட்டைகள் அந்தப் பக்கம், ஒற்றம்மாவின் தாள்கள் இந்தப் பக்கம். பழைய அச்சகத்தின் வேலை என்று மருமகளிடம் சொல்லியிருந்தார். உறுதியானதும் உண்மையைச் சொல்லி அசத்தலாம் என்று இருந்தார். முதல் கூலி சொன்ன நாளில் சொன்னபடி வந்தது. சின்னத் தொகை. தூண்டிலில் யாரும் திமிங்கலத்தைக் கோப்பதில்லை.

தினமும் நான்கைந்து செய்திகள் வரும், வரிசை இல்லாமல், தலைப்பு இல்லாமல். ஒன்று வரவேற்புக் கடிதம். ஒன்று பொறுமைக்கு நன்றி. ஒன்று காப்புத்தொகை கேட்பது. ஒன்று, வேலையில் பிழை அதிகம் என்று வருந்துவது. ஒன்று, பணம் கட்டாவிட்டால் வழக்குப் போடுவோம் என்பது. பாவம், இந்த நிறுவனத்தை நிறையப் பேர் ஏமாற்றுகிறார்கள் போலிருக்கிறது என்று அவர் நினைத்தார். சிரிக்காதீர்கள். ஒரு படத்தைத் துண்டு துண்டாக வெட்டி, துண்டுக்கு ஒரு நாளாகக் காட்டினால், அது புலி என்று நீங்களும் கண்டுபிடித்திருக்க மாட்டீர்கள். வால் கொஞ்சம் கோணலாக இருக்கிறது என்று வேண்டுமானால் திருத்தியிருப்பீர்கள்.

அவரும் திருத்தினார். பிழைகளோடு நிறுத்தவில்லை. தொழில் தெரிந்தவருக்கு அது முடியாது. ‘ஒழுங்கா பணம் கட்டலைனா உங்க மேல கேஸ் போடுவோம்’ என்று வந்ததை அவர் இப்படி ஆக்கினார்:

‘உரிய காலத்துக்குள் தொகை செலுத்தப்படாவிடில், தங்கள்மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்க நேரிடும் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.’

அந்த ‘வருத்தத்துடன்’ முழுக்க முழுக்க அவருடையது. ஒரு நிறுவனம் என்றால் கொஞ்சம் மனிதத்தன்மை வேண்டாமா என்று சேர்த்தாராம்.

5

ஒரு நாள், கூலிக்குப் பதிலாக அறிக்கை வந்தது. ‘துல்லிய அறிக்கை’ என்று பெயர். ஒற்றம்மா திருத்திக் கொடுத்தவற்றில் பிழைகள் காணப்பட்டன. துல்லியம் எண்பத்தொன்பது விழுக்காடு. ஒப்பந்தப்படி தொண்ணூறு வேண்டும். எனவே கூலி நிறுத்தம்; நிறுவனத்துக்கு ஏற்பட்ட இழப்புக்கு ஈடாக ஒரு தொகையை அவர் கட்ட வேண்டும்.

தொகையை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் பாதிப் பேர் “இவ்வளவுதானா?” என்பீர்கள். மீதிப் பேர் “இவ்வளவா?” என்பீர்கள். இரண்டுமே கோபத்தைக் கொட்ட வேண்டிய இடத்தில் கொட்டாமல் இருப்பதற்கான வழிகள்.

அவரைப் பாருங்கள். மேசை மூலையில் அறிக்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எண்பத்தொன்பது. திட்டு வாங்கியிருக்கிறார், பைத்தியம் என்ற பட்டம் வாங்கியிருக்கிறார். அந்த எண்ணை மட்டும் யாரிடமும் வாங்கியதில்லை. மேலாளரைக் கூப்பிட்டார். பணிவு வற்றியிருந்தது.

“சிஸ்டம் காட்டுதும்மா. நான் என்ன பண்ண?”

மேடம் ‘அம்மா’ ஆகிவிட்டார்.

“எந்தப் பிழைன்னு உட்கார்ந்து பேசலாமே தம்பி.”

“பேசறதுக்கு ஒண்ணும் இல்ல. கட்டினா முடிஞ்சுது. இல்லைன்னா லீகல் பாத்துக்கும்.”

சற்று நேரத்தில் லீகல் பார்த்துக்கொண்டது. போன் சிணுங்கியது. ‘உரிய காலத்துக்குள் தொகை செலுத்தப்படாவிடில்’ என்று தொடங்கியது செய்தி. அவர் வைத்த காற்புள்ளி அங்கேயே இருந்தது. ‘வருத்தத்துடன்’ இருந்தது. தான் எழுதிய வாக்கியத்துக்குத் தானே பயந்த முதல் ஆள் அவராகத்தான் இருப்பார்.

கட்டிவிட்டார். அடுத்த நாள் அந்த எண் உபயோகத்தில் இல்லை.

(ஓரக்குறிப்பு: பயந்து கட்டவில்லை. — ஒ.)

பின் எதற்குக் கட்டினீர்கள் என்று கேட்டேன். இந்த அத்தியாயத்துக்கு இது போதும் என்றார்.

6

இந்த இடத்தில் கட்டம் கட்டி எச்சரிக்கைப் பட்டியல் வந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக என் கோபம் வருகிறது. பிடிக்காதவர்கள் அடுத்த எண்ணுக்குப் போய்விடலாம்.

‘பேராசைப் படாதீர்’ என்பது பட்டியலில் ஐந்தாவது. ஒருவன் பூட்டை உடைத்துத் திருடினால், வீட்டுக்காரனிடம் போய் “வீடு கட்டுவானேன்?” என்று யாரும் கேட்பதில்லை. இதில் மட்டும் திருட்டுக் கொடுத்தவர் எழுந்து நின்று பாடம் கேட்க வேண்டும். குழந்தையைத் தூங்க வைத்த பிறகு கிடைக்கும் நேரத்தில் தட்டச்சு செய்து நாலு காசு பார்க்கலாம் என்று நினைத்தவள் பேராசைக்காரி. அவள் காசைப் பிடுங்கி அடுக்குமாடி வாங்குகிறவன் தொழில்முனைவோன். அவனுக்குத் தன்னம்பிக்கைச் சொற்பொழிவுகூட ஏற்பாடு செய்வார்கள். தலைமை நம் சங்கத் தலைவர், போட்டோ உண்டு.

அந்தப் பயல்களுக்கு நம்மைத் தெரிந்திருக்கிறது. அதுதான் எனக்கு ஆத்திரம். அவன் பிடிப்பது நம் ஆசையை அல்ல. ஆசையைப் பிடித்தால் நாம் சண்டையாவது போடுவோம். நம் வெட்கத்தைப் பிடிக்கிறான். ‘உன் வேலையில் பிழை’ என்கிறான். வேலையை மதிக்கிறவர் அங்கேயே தலைகுனிந்துவிடுகிறார். சோம்பேறியை இப்படி ஏமாற்ற முடியாது. “போடா, எண்பத்தொன்பதே ஜாஸ்தி” என்று போய்க்கொண்டே இருப்பான். இந்த வலையில் விழுவதற்கு ஒரு தகுதி வேண்டும். ஒழுங்காக வேலை செய்யும் பழக்கம் இருக்க வேண்டும்.

போலீஸில் சொன்னாரா என்று கேட்பீர்கள். சொல்லவில்லை. சொன்னால் மனுவில் என்னவென்று எழுதுவது? ‘மெய்ப்புத் திருத்துநராகிய நான் பிழை விட்டதற்காகத் தண்டம் கட்டினேன்.’ அதை ஒரு எழுத்தர் உரக்கப் படிப்பார்.

(ஓரக்குறிப்பு: ‘ஓர் எழுத்தர்.’ — ஒ.)

ஓர் எழுத்தர்.

பட்டியலில் இருக்க வேண்டியது ஒரே வரி. அதை இங்கே எழுதிவிடுகிறேன், சங்கம் வேண்டுமானால் வெட்டி ஒட்டிக்கொள்ளட்டும். வேலை கொடுப்பவன் உங்களிடம் பணம் கேட்க மாட்டான். பதிவுக்கு, பயிற்சிக்கு, காப்புக்கு, வரிக்கு, தண்டத்துக்கு, எந்தப் பெயரில் கேட்டாலும் அது வேலை அல்ல. முதல் நாளே கேட்டாலும் சரி, முதல் கூலியைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாலும் சரி. தமிழ் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி.

7

இனி நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இந்தப் பகுதியில் அவர் சிவப்பு மை வைக்கவில்லை.

சமையலறையிலிருந்து மருமகள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பேத்தி வண்ணக் கட்டைகளால் எதையோ கட்டிக்கொண்டிருந்தது. ஒற்றம்மா ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருந்தார். தண்டம் கட்டியதிலிருந்து அவர் எதையும் திருத்துவதில்லை. மாமியாருக்கு உடம்பு சரியில்லையோ என்று மருமகளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

“அத்தை, ஒரு நிமிஷம். இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்களேன்.”

“என்னது?”

“வேலை. வீட்லேர்ந்தே செய்யலாமாம். ஸ்கூல் அம்மாங்க குரூப்ல ஒருத்தங்க போட்டிருக்காங்க. நாலஞ்சு பேர் சேர்றோம்னு சொல்லியிருக்காங்க.”

“அதுக்கு நான் என்ன பண்ணணும்?”

“பிழை இருக்கான்னு பாருங்க. பிழை இருந்தா ஏமாத்து வேலைன்னு கீழே கேட்ல ஒட்டியிருக்காங்களே. என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. ஆனா என் கண்ணு என்ன கண்ணு? நீங்க பார்த்து ஓகேன்னா பணத்தைக் கட்டிடுவேன்.”

“ஏது பணம்?”

“கல்யாணத்துக்கு முன்னாடி வேலை பார்த்தப்போ சேர்த்தது. உங்க பிள்ளைக்குத் தெரியாது. சொல்லிடாதீங்க.”

அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மருமகள் தானாக ஒரு தாளையோ திரையையோ அவரிடம் நீட்டியது அதுதான் முதல் முறை.

ஒற்றம்மா படித்தார். நிறுவனத்தின் பெயர் வேறு, எண் வேறு, வாக்கியம் அவருடையது. ‘வீட்டிலிருந்தபடியே வேலை. குறைந்த நேரம், நிறைந்த வருமானம். பதிவுக் கட்டணம் முழுவதும் திருப்பித் தரப்படும்.’ கண்ணாடி மாதிரி இருந்தது. தூசு இல்லை. அதில் அவர் முகம் தெரிந்தது.

“பிழை இருக்கு” என்றார்.

“எங்கே?”

“இதோ. ‘திருப்பித் தரப்படும்.’ இந்த இடத்தில் த் வரக் கூடாது.”

மருமகள் போனை வாங்கிப் பார்த்தாள். புருவம் சுருங்கியது. உதடு ஏதோ முணுமுணுத்தது.

“வருமே அத்தை.”

“வராது.”

“இகரத்துல முடியற வினையெச்சம். பின்னாடி தகரம். வரும். ‘ஓடிப் போனான்’, ‘தேடிக் கண்டுபிடித்தான்’. தையல்காரருக்கு ‘திருப்பி தந்துவிடவும்’னு எழுதினதுக்கு நீங்கதானே என்னைப் பத்து தடவை எழுத வெச்சீங்க?”

“இது விதிவிலக்கு.”

“எந்த விதிவிலக்கு?”

ஒற்றம்மா வாயைத் திறந்தார். இலக்கணத்தில் அப்படி ஒரு விதிவிலக்கு இல்லை. இருந்திருந்தால் அன்றைக்குப் பிழைத்திருப்பார்.

“பணத்தைக் கட்டாதே” என்றார்.

“ஏன்?”

“சொல்றேன் இல்ல, கட்டாதேன்னா கட்டாதே.”

“எனக்கு ஒரு வேலை கிடைச்சா உங்களுக்கு என்ன கஷ்டம் அத்தை?” குரல் உயரவில்லை. அதனால்தான் உறைத்தது. “இவ்ளோ நாளா நான் எழுதறது எதுவும் சரியில்லைன்னீங்க. சரின்னு கேட்டுக்கிட்டேன். இப்போ சரியா எழுதியிருக்கறதையும் தப்புங்கறீங்க. பிழையில்லாம எழுதறவன் பொய் சொல்ல மாட்டான்னு யார் சொன்னது?”

“நான்தான் சொன்னேன்.”

“அப்புறம்?”

“இதை எழுதினதும் நான்தான்.”

மருமகள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

“விளையாடறீங்களா?”

“நம்ப வேண்டாம். ‘வேலை எப்போ கொடுப்பீங்க’ன்னு அவனைக் கேளு. என்ன பதில் வரும்னு நான் முன்னாடியே சொல்றேன்.”

மருமகள் தட்டினாள். ஒற்றம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, வகுப்பில் ஒப்பிக்கும் குழந்தையைப் போலச் சொன்னார்: “தங்கள் ஆர்வம் எங்களுக்கு மகிழ்ச்சியளிக்கிறது. எனினும், பதிவு முழுமை பெற்ற பின்னரே பணி ஒதுக்கப்படும். தங்கள் பொறுமைக்கு நன்றி.” ஒரு கணம் நிறுத்தி, “எனினும் பக்கத்தில் காற்புள்ளி இருக்கும், பாரு” என்றார்.

போன் சிணுங்கியது.

மருமகள் பதிலைச் சொல் சொல்லாகப் படித்தாள். காற்புள்ளி இருந்தது.

எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டது எதற்கும் ஒற்றம்மா மழுப்பவில்லை. துல்லிய அறிக்கையையும் எடுத்துக் கொடுத்தார். அவள் அதை மேலிருந்து கீழே பார்த்தாள்.

“இவ்ளோ பிழையா?”

“எல்லாம் பொய்.”

“என் சீட்டுல ஒரு புள்ளி விட்டுப்போனா வீடே கேக்கறமாதிரி சொல்வீங்க. இதைச் சொல்ல மட்டும் வாய் வரல இல்ல? நான் இன்னிக்குக் கேக்காம கட்டியிருந்தா?”

ஒற்றம்மா அறிக்கையை வாங்கி மடித்தார்.

“குரூப்ல நாலஞ்சு பேர் சேர்றாங்கன்னு சொன்னேனே. அவங்களுக்கு யார் சொல்றது?”

“நீயே போட்டுடேன். ஏமாத்து வேலைன்னு.”

“நான் சொன்னா யார் கேப்பா? அவ்ளோ நல்லா எழுதியிருக்கே, எப்படிப் பொய்யா இருக்கும்னுதான் அங்கே பேச்சே. எழுதினவங்க சொல்லணும்.” அவள் தன் போனைச் சாப்பாட்டு மேசையில், அவர் பக்கமாகத் தள்ளி வைத்தாள். “உங்க பேரைப் போட்டு நீங்களே எழுதுங்க. திருத்தினது நான், தண்டம் கட்டினது நான்னு.”

8

இப்போது முடிவு வேண்டும். மூன்று எழுதிப் பார்த்தேன்.

(அ) ஒற்றம்மா எழுதி அனுப்புகிறார். மருமகள் ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள். இருவர் கண்களிலும்—

(ஓரக்குறிப்பு: எங்கள் வீட்டில் கட்டிக்கொள்ளும் பழக்கம் இல்லை. — ஒ.)

(ஆ) எண்ணை வைத்து மேலாளரைப் பிடிக்கிறார்கள். கையில் விலங்கோடு அவன், “மன்னிச்சிடுங்க மேடம்” என்று—

(ஓரக்குறிப்பு: சிரிப்பு வருகிறது. சங்க மலருக்கு அனுப்பவும். — ஒ.)

(இ) ஒற்றம்மா அனுப்பவில்லை. நாலஞ்சு பேரும் பணம் கட்டுகிறார்கள். அவர்களில் ஒருத்தி—

இதை நானே நிறுத்திவிட்டேன். அந்த ஒருத்தியை உருவாக்க எனக்குக் கை வரவில்லை. ஏற்கெனவே எங்கேயோ இருக்கிறாள்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஒற்றம்மா மேசையில் உட்கார்ந்து எழுதினார். ‘அன்புடையீர்’ என்று தொடங்கி அழித்தார். ‘நான்’ என்று தொடங்கினார். நிறுவனத்தின் பெயர்கள் இரண்டையும் எழுதினார். தண்டம் கட்டியதை எழுதினார். தன் முழுப்பெயரை எழுதினார். மருமகள் எதிரே உட்கார்ந்து, தலைகீழாகத் தெரிந்த எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தாள். அனுப்பும் பொத்தானுக்கு மேலே அவர் கட்டைவிரல் வந்து நின்றது.

அழுத்தினாரா? கேட்டேன். “அது உங்கள் வேலை இல்லை” என்றார். ஆகவே உங்களிடம் விட்டுவிடுகிறேன். நீங்களும் ஏதாவது ஒரு குழுவில் இருப்பீர்கள். அந்த விளம்பரம் அங்கேயும் வந்திருக்கும், பிழையே இல்லாமல். அதன் கீழே ஒரு பெண்மணியின் நீண்ட அறிவிப்பு இருந்ததா இல்லையா என்பது என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். இருந்து, ‘யாருக்கு இவ்வளவு படிக்க நேரம்’ என்று தாண்டிப் போனவர் நீங்கள் என்றால், என் கோபத்தில் உங்களுக்கும் ஒரு பங்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

9

இந்தக் கதையின் கடைசி மெய்ப்பு நேற்று வந்தது. எல்லா ஒற்றுகளும் இடத்தில் இருந்தன. ஐந்தாம் பகுதியில் ‘பயந்து கட்டவில்லை’ என்ற ஓரக்குறிப்புக்குக் கீழே, எதற்குக் கட்டினார் என்பதைச் சிறிய எழுத்தில் எழுதியிருந்தார்.

துல்லிய அறிக்கையில் அவர்கள் காட்டிய பிழைகளில் ஒன்று மட்டும் உண்மை. ‘வங்கிக் கணக்கு’ என்பதில் க் விட்டுப்போயிருந்தது.